உப்புக்காற்றில் நிற்கும் பீம்: கான்கிரீட் விரிசலைக் கணினியில் ஆராயத் தொடங்குபவர்களுக்கு

கணினித் திரையில் ஒரு பீம் வளைந்து, விரிசல்விட்டு, உடைவதைப் பார்த்தால் எல்லாம் புரிந்துவிட்டதுபோலத் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்ப வேண்டாம். மென்பொருளுக்குக் கான்கிரீட் என்றால் என்னவென்றே தெரியாது. எந்தெந்த வழியில் உடையலாம் என்று நீங்கள் அனுமதி கொடுக்கிறீர்களோ, அந்த வழிகளில் மட்டுமே அது உடையும். கம்பி துருப்பிடிக்கும் என்று நீங்கள் சொல்லாவிட்டால், ராமேஸ்வரத்தில் கடலைப் பார்த்தபடி நாற்பது ஆண்டுகள் நின்ற பீமும் அதற்கு நேற்று வார்த்த பீம்தான்.

சிவில் படிப்பை முடித்துவிட்டு, மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டி என்று இந்தக் கரையோரத்துப் பழைய கட்டடங்களைப் பார்த்து, இது தாங்குமா என்று சொல்ல வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 ஓரளவு பழக்கமாக இருந்தால் போதும்.

முதலில் கட்டடத்தைப் பாருங்கள்

மடிக்கணினியை வீட்டில் வைத்துவிட்டு, டார்ச், டேப், விரிசல் அகலம் பார்க்கும் அட்டை ஆகியவற்றோடு கிளம்புங்கள். பீமின் நடுப்பகுதியில் அடியிலிருந்து மேல்நோக்கி ஏறும் செங்குத்து விரிசல் வளைவினால் வந்தது. தாங்கியின் அருகே சாய்வாக ஓடுவது வெட்டுவிசையினால் வந்தது. கம்பி ஓடும் திசையிலேயே நீளவாக்கில் ஓடி, ஓரத்தில் பழுப்புக் கறை தெரிந்தால் அது துரு. இந்தக் கடற்கரையில் மூன்றாவது வகைதான் எங்கும் கண்ணில் படும். சன்ஷேடின் அடியில் காரை பெயர்ந்து கம்பி வெளியே தெரிவதைப் பார்க்காமல் ஒரு தெருவைக் கடக்க முடியாது.

எல்லாவற்றையும் படம் வரைந்து, அகலத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். நாளை உங்கள் கணினி மாதிரி காட்டும் விரிசலை ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் இருக்கப்போகும் சாட்சி இந்த வரைபடம் மட்டும்தான்.

எந்தப் பக்கம் கூடுதலாகக் கெட்டிருக்கிறது என்பதையும் குறியுங்கள். ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக்காற்றுக் காலத்தில் ஒரு முகமும் கச்சான் காற்றுக் காலத்தில் மறு முகமும் உப்பை வாங்கும். ஆனால், ஒரு கட்டடத்தின் எல்லாப் பக்கங்களும் சமமாகக் கெடுவது அபூர்வம். இதன் விளைவு நேரடியாக உங்கள் மாதிரியில் வந்து விழும்: ஒருபக்கம் மட்டும் துருப்பிடித்த பீமை இருபரிமாண மாதிரியில் காட்ட முடியாது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தனுஷ்கோடிக்குப் போய், 1964 புயலில் அழிந்த தேவாலயத்தின் சுவரைப் படமெடுத்து வந்து, இதை மாதிரியாக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது பவளப்பாறைக் கல்லால் எழுப்பிய கட்டுமானம். கம்பி கட்டிய கான்கிரீட் அல்ல. அதற்கான கணக்கு முறை வேறு. இங்கே சொல்வது எதுவும் அதற்குப் பொருந்தாது.

கையால் ஒரு கணக்கு

கரையோர மீன் ஏலக்கூடத்தில் இருக்கும் பீம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அகலம் 300 மி.மீ., ஆழம் 500 மி.மீ., இரு தாங்கிகளுக்கு இடையே 5 மீட்டர். எம்30 கான்கிரீட் (நசுக்கும்போது 30 மெகாபாஸ்கல் தாங்குவது), 500 ரகக் கம்பி (இழுத்தால் 500 மெகாபாஸ்கல் வரை தாங்குவது). அடியில் 16 மி.மீ. கம்பி நான்கு, அவற்றைச் சுற்றிக் கட்டும் 8 மி.மீ. வளையம், அதாவது ரிங், 150 மி.மீ.க்கு ஒன்று. கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் தடிமனான கவர் 45 மி.மீ. கடலோரச் சூழலைக் கடுமையானது என்று வகைப்படுத்தும் ஐ.எஸ். 456, அதற்குக் குறைந்தது எம்30 கிரேடும் 45 மி.மீ. கவரும் கேட்கிறது. கடல்நீர்த் திவலை நேரே தெறிக்கும் இடம் என்றால் எம்35, 50 மி.மீ.; அலை ஏறி இறங்கும் மட்டத்தில் எம்40, 75 மி.மீ.

பாதுகாப்புக் காரணிகளை நீக்கிவிட்டுக் கணக்கிட்டால், கம்பிகளின் மொத்தப் பரப்பு 804 சதுர மி.மீ., இழுவிசை 402 கிலோநியூட்டன், தாங்கக்கூடிய மொமென்ட் (வளைக்கும் விளைவு) ஏறக்குறைய 162 கிலோநியூட்டன் மீட்டர். பீமின் சொந்த எடையே 11.7 எடுத்துக்கொள்கிறது. மீதியை நடுவில் ஒரே சுமையாக வைத்தால் சுமார் 120 கிலோநியூட்டன். முதல் விரிசல் எப்போது வரும்? இழுவலிமைக்கு எந்த மதிப்பை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து 16 முதல் 29 கிலோநியூட்டனுக்குள்.

இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மாதிரி 250 கிலோநியூட்டனில் உடைகிறது என்று சொன்னால் மாதிரிதான் தவறு. வலுவான பீம் என்று மகிழ்ந்துபோகக் கூடாது.

எந்த மென்பொருள்

இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். கல்லூரியில் அபாக்கஸோ ஆன்சிஸோ இருந்தால் அதுவே போதும். காசில்லாமல் தொடங்க வேண்டுமென்றால் பிரான்ஸ் நாட்டு மின் நிறுவனம் உருவாக்கிய கோட் ஆஸ்டர் இருக்கிறது. சட்டகம் முழுவதையும் பார்க்க வேண்டுமானால் பெர்க்லியில் உருவான ஓப்பன்சீஸ். அட்டீனா, டயானா, டொரான்டோ பல்கலைக்கழகத்தின் வெக்டர்2 ஆகியவை கான்கிரீட் ஆய்வுக்குப் பெயர்பெற்றவை. ஸ்டாட் போன்ற வடிவமைப்பு மென்பொருள்களில் விரிசல் தேடாதீர்கள். வழக்கமான பயன்பாட்டில் அவை கான்கிரீட்டை விரிசலே விடாத பொருளாகக் கொண்டு விசைகளைப் பகிர்ந்து தருபவை.

கான்கிரீட்டுக்குக் கொடுக்கும் எண்கள்

புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். எனவே நிதானமாகப் பார்ப்போம்.

நம் நாட்டில் எம்30 என்பது 150 மி.மீ. கனசதுரத்தை நசுக்கிப் பெறும் வலிமை. ஐரோப்பிய, அமெரிக்கச் சூத்திரங்களும் பெரும்பாலான மென்பொருள்களும் எதிர்பார்ப்பது உருளையின் வலிமை. அது ஏறக்குறைய கனசதுர வலிமையில் 0.8 பங்கு. ஆகவே உள்ளே போக வேண்டிய எண் 30 அல்ல, 24.

அடுத்தது இழுவலிமை. ஐ.எஸ். 456 தரும் சூத்திரத்தில், கிரேடு எண்ணின் வர்க்கமூலத்தை 0.7 ஆல் பெருக்கினால் 3.83 மெகாபாஸ்கல் வரும். அது சிறிய பீமை வளைத்து உடைத்துப் பெறும் மதிப்பு. நேராக இழுத்தால் கான்கிரீட் அவ்வளவு தாங்காது. சர்வதேசக் கான்கிரீட் அமைப்பான ஃபிப் வெளியிட்ட மாடல் கோடின் சூத்திரப்படி 24 வலிமையுள்ள கான்கிரீட்டுக்குச் சுமார் 2.5 மெகாபாஸ்கல். மென்பொருள் கேட்பது இந்த இரண்டாவது எண். முதலாவதைக் கொடுத்தால் உங்கள் கான்கிரீட் ஒன்றரை மடங்கு வலிமையானதாகிவிடும். முதல் விரிசல் 16 கிலோநியூட்டனிலா 29 கிலோநியூட்டனிலா என்ற வேறுபாடு இங்கிருந்து வந்ததுதான். மீள்தன்மைக் குணகத்துக்கு, வர்க்கமூலத்தை 5000 ஆல் பெருக்கி 27,400 மெகாபாஸ்கல் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது எண்ணைப் பாடப்புத்தகம் பெரும்பாலும் சொல்லித்தருவதில்லை: முறிவு ஆற்றல். விரிசல்விட்ட நொடியில் கான்கிரீட்டின் இழுவிசை பூச்சியமாகிவிடுவதில்லை. விரிசலின் இரு முகங்களையும் ஜல்லியும் சிறு இணைப்புகளும் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும். விரிசல் அகலமாக ஆக அந்தப் பிடி தளரும். ஒரு சதுர மீட்டர் விரிசலை முழுமையாகத் திறக்கச் செலவாகும் ஆற்றலே முறிவு ஆற்றல். இந்தக் கருத்தைக் கணக்கில் பயன்படும்படி ஆக்கியவர்கள், 1976இல் கட்டுரை வெளியிட்ட ஸ்வீடன் நாட்டு ஹில்லர்போர்க்கும் அவருடன் பணியாற்றியவர்களும். 2010ஆம் ஆண்டு மாடல் கோடின் சூத்திரம் நம் கான்கிரீட்டுக்கு மீட்டருக்குச் சுமார் 136 நியூட்டன் என்று தருகிறது. நீங்கள் நியூட்டன், மில்லிமீட்டர் அலகுகளில் வேலை செய்தால் 0.136 என்று போட வேண்டும். 136 என்று போட்டால் கான்கிரீட் ரப்பராகிவிடும்; மென்பொருள் ஒரு வார்த்தை எச்சரிக்காது.

வலையின் அளவு

பீமைச் சிறு சதுரக் கூறுகளாகப் பிரிப்பதுதான் ஃபைனைட் எலிமென்ட் முறை; அந்தக் கூறுகளின் தொகுப்பே வலை. விரிசலை இதில் எப்படிக் காட்டுவது என்பதற்கு இரண்டு வழிகள் பிறந்தன. 1967இல் நோ, ஸ்கோர்டெலிஸ் இருவரும் கூறுகளுக்கு இடையே உண்மையாகவே பிளவை வைத்தார்கள். அடுத்த ஆண்டே ரஷீத், பிளவைத் தனியாகக் காட்டாமல் கூறு முழுவதிலும் பரப்பிவிடும் வழியைச் சொன்னார். இன்று நீங்கள் பயன்படுத்தப்போவது பெரும்பாலும் இரண்டாவது வழியின் வாரிசைத்தான்.

பரப்பிவிடும் முறையில் ஒரு பொறி இருக்கிறது. விரிசல் கடைசியில் ஒரு வரிசைக் கூறுகளில் வந்து குவியும். எல்லா வலைக்கும் ஒரே தகைவு-திரிபு வளைகோட்டைக் (பரப்பில் விழும் விசைக்கு எவ்வளவு நீள்கிறது என்ற கோட்டைக்) கொடுத்தால், கூறு சிறிதாகச் சிறிதாக உடைவதற்குச் செலவாகும் ஆற்றல் குறைந்துகொண்டே போகும். வலையை எவ்வளவு நுணுக்குகிறீர்களோ அவ்வளவு பலவீனமான பீம் கிடைக்கும். 1983இல் பஷாந்தும் ஓவும் சொன்ன விரிசல்பட்டை முறை இதற்கு மருந்து: முறிவு ஆற்றலைக் கூறின் அகலத்தால் வகுத்து, அதற்கேற்ப வளைகோட்டை மாற்றிவிட வேண்டும். நேர்கோட்டில் தளர்வதாகக் கொண்டால், நம் கான்கிரீட்டின் விரிசல் சுமார் 0.11 மி.மீ. அகலத்தில் இழுவிசையை முழுவதுமாக இழக்கும். 25 மி.மீ. கூறுக்கு அது 0.0044 திரிபு, 50 மி.மீ. கூறுக்கு 0.0022. சில மென்பொருள்கள் இதைத் தாமே செய்துகொள்ளும், சிலவற்றில் நீங்கள் செய்ய வேண்டும். உங்களுடையது எந்த ரகம் என்று கையேட்டில் பாருங்கள்.

சமச்சீரைப் பயன்படுத்திப் பாதி பீமை மட்டும் 25 மி.மீ. சதுரங்களாகப் பிரித்தால் 2000 கூறுகள். சாதாரண மடிக்கணினிக்கு இது சுமையே அல்ல. பிறகு 50 மி.மீ. வலையிலும் ஓட்டிப் பாருங்கள். சுமை-தொய்வு வளைகோடு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக வந்தால் மேலே போகலாம்.

வலையை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்குக் கடலிலேயே சான்று உண்டு. நார்வேயின் ஸ்லைப்னர் எண்ணெய்த் தளத்துக்காகக் கட்டிய பிரம்மாண்டமான கான்கிரீட் அடித்தளம், 1991 ஆகஸ்ட் 23 அன்று சோதனைக்காக நீரில் இறக்கப்பட்டபோது சுவர் உடைந்து மூழ்கியது. சுவர்கள் சேரும் மூலையில் கூறுகள் சரியாக அமைக்கப்படாததால் வெட்டுவிசை 47 சதவீதம் குறைவாகக் கணக்கிடப்பட்டிருந்தது. அங்கே கம்பியின் நங்கூரமும் போதவில்லை. விபத்துக்குப் பிறகு கவனமாகச் செய்த கணக்கு, 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்றது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில்.

கம்பி, தாங்கி, சுமை

கம்பியைக் கோட்டுக் கூறாகக் கான்கிரீட்டுக்குள் பதித்துவிடலாம். முதல் ஓட்டத்தில் கம்பியும் கான்கிரீட்டும் வழுக்காமல் ஒட்டியிருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். தாங்கியிலும் சுமை விழும் இடத்திலும் எஃகுத் தகடு வையுங்கள். ஒற்றைப் புள்ளியில் சுமையை வைத்தால் அங்கே மட்டும் கான்கிரீட் நசுங்கி, கணக்கு பாதியில் நிற்கும். சுமையைக் கூட்டிக்கொண்டே போகாமல், நடுப்புள்ளியைச் சிறிது சிறிதாகக் கீழே இறக்குங்கள். அப்போதுதான் உச்சத்துக்குப் பிறகு பீம் தளர்வதையும் காண முடியும்.

கணக்கு குவியாமல் நின்றால் எல்லோரும் தேடிப் போகும் குறுக்குவழி பிசுக்குமைக் குணகம், அதாவது கணக்கு சீராக ஓட மென்பொருள் சேர்க்கும் செயற்கைத் தடை. கொஞ்சம் கூட்டினால் கணக்கு தடையின்றி ஓடும்; கூடவே பீமின் வலிமையும் பொய்யாக ஏறும். கூட்டியே ஆக வேண்டும் என்றால் அதைப் பாதியாக்கி மீண்டும் ஓட்டுங்கள். உச்சச் சுமை மாறினால், மென்பொருள் தன் வலிமையைப் பீமுக்குக் கடன் கொடுத்திருக்கிறது என்று பொருள்.

வரைகோடு 16 கிலோநியூட்டன் அருகே முதல் வளைவைக் காட்டி, 120ஐ ஒட்டித் தட்டையானால் நல்லது. ஆனாலும் சொந்த மாதிரியைச் சொந்தக் கணக்கோடு மட்டும் ஒப்பிட்டு நிறுத்த வேண்டாம். 1963இல் பிரெஸ்லரும் ஸ்கோர்டெலிசும் உடைத்துப் பார்த்த 12 பீம்களின் முடிவுகள் உலகெங்கும் உரைகல்லாகப் பயன்படுகின்றன. டொரான்டோவில் வெக்கியோவும் ஷிம்மும் அதே சோதனைகளைத் திரும்பச் செய்து 2004இல் வெளியிட்டார்கள். அவற்றில் ரிங் இல்லாத பீம்களும் இருந்தன. அந்த ரிங் இல்லாத பீம் ஒன்றை எடுத்து, அது உடைந்த சுமையையும் உடைந்த விதத்தையும் உங்கள் மாதிரி சொல்கிறதா என்று பாருங்கள். ஏன் குறிப்பாக அது என்பது அடுத்த பகுதியில் விளங்கும்.

துருவை உள்ளே கொண்டுவருதல்

பாம்பனைச் சுற்றியுள்ள கடல், எஃகை அரிப்பதில் பெயர்பெற்றது. 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி பயன்படுத்தியிருக்கிறார்கள். நம் ஏலக்கூடத்துக்கு அந்த வசதி கிடையாது.

உப்பிலுள்ள குளோரைடு கவரைக் கடந்து கம்பியை அடையும் வரை ஒரு காலம், துரு தொடங்கிய பின் இன்னொரு காலம் என்று இரண்டாகப் பிரிப்பது ஸ்வீடனின் டூட்டி 1982இல் வகுத்த முறை. முதல் காலத்தைப் பரவல் சமன்பாட்டால் கணிக்கலாம் என்றாலும் இங்கே ஒரு எச்சரிக்கை. உவர்ப்பான போர் தண்ணீரில் கலவை போட்டிருந்தால் குளோரைடு முதல் நாளே உள்ளே இருக்கிறது. வெளியிலிருந்து வருகிறது என்ற கணக்கு வீண். கான்கிரீட்டில் உருளைத் துண்டு (கோர்) வெட்டி, தூளை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பாருங்கள். ஐ.எஸ். 456 அனுமதிப்பது ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோ. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அரிப்பு ஆய்வில் நீண்ட அனுபவம் உள்ளது. கிளம்பினால் சில மணி நேரத்தில் போய்விடலாம்.

துருவின் வேகத்தை மின்னோட்ட அடர்த்தியாக அளப்பார்கள். சதுர சென்டிமீட்டருக்கு 1 மைக்ரோஆம்பியர் என்றால் ஆண்டுக்கு 0.0116 மி.மீ. இரும்பு போகும். அதைவிட வேகமாகப் போனால் கடுமையான அரிப்பு என்பார்கள். சீராக அரித்தால் 1 மி.மீ. போக 86 ஆண்டுகள் ஆகும். பயப்பட ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் குளோரைடு சீராக அரிப்பதில்லை, குழி குழியாகத் தோண்டுகிறது. குழியின் ஆழம் சராசரியைப்போல நான்கு முதல் எட்டு மடங்கு. அந்தக் கணக்கில் 1 மி.மீ. ஆழக் குழிக்கு 11 முதல் 22 ஆண்டுகள் போதும்.

இப்போது மாதிரிக்கு வாருங்கள். சுற்றிலும் 1 மி.மீ. போனால் 16 மி.மீ. கம்பி 14 ஆகும். பரப்பில் 77 சதவீதம் மிஞ்சும். பீமின் உச்சச் சுமை 120இலிருந்து 92 கிலோநியூட்டனாக இறங்கும். அதே 1 மி.மீ. 8 மி.மீ. ரிங்கில் போனால் மிஞ்சுவது 56 சதவீதம். கவரை ஒட்டியே நின்று, கடற்காற்றுக்கு முதலில் முகம் கொடுப்பதும் ரிங்தான். பழைய பீமின் காரையைத் தட்டிப் பாருங்கள்: முதன்மைக் கம்பி தடித்த துருவோடு நின்றுகொண்டிருக்கும், ரிங் மூலையில் அறுந்திருக்கும்.

ரிங் எல்லாம் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். 120 கிலோநியூட்டன் சுமையில் தாங்கியருகே வெட்டுவிசை சுமார் 70 கிலோநியூட்டன். ரிங் இல்லாத இந்தக் குறுக்குவெட்டுக்கு ஐ.எஸ். 456 அட்டவணைப்படி கான்கிரீட் மட்டும் தரும் தாங்குதிறன், பாதுகாப்புக் காரணி உட்பட, 71. மயிரிழை வித்தியாசம். ரிங்குகள் முழுதாக இருந்தவரை இந்தப் பீம் வளைந்து, தொய்ந்து, நாள்கணக்கில் எச்சரிக்கை கொடுத்துத்தான் உடைந்திருக்கும். ரிங் போனபின் சாய்வு விரிசலில் சட்டென்று பிளக்கும் வாய்ப்பும் சமமாக வந்து நிற்கிறது. கடலோரப் பீமில் நீங்கள் தேட வேண்டியது உச்சச் சுமை எவ்வளவு குறைந்தது என்பதை மட்டுமல்ல, உடையும் விதம் மாறிவிட்டதா என்பதையும்தான். கம்பியின் பரப்பை மட்டும் குறைத்துவிட்டு ரிங்கைத் தொடாமல் விடும் மாதிரி இதை ஒருபோதும் காட்டாது.

இதற்கென்று செய்ய வேண்டியவை: ரிங்கையும் கம்பியையும் தனித்தனியாக, அளந்த அளவுக்குக் குறையுங்கள். குழி விழுந்த கம்பி அதிகம் நீளாமல் அறுந்துவிடும் என்பதால் அதன் முறிவுத் திரிபையும் குறையுங்கள். பெயர்ந்த கவரை வலையிலிருந்து நீக்குங்கள். பெயராமல் பிளந்து நிற்கும் கவரின் வலிமையைக் குறையுங்கள். கம்பிக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே இனி வழுக்கலை அனுமதியுங்கள், குறிப்பாகக் கம்பியின் முனைகளில். கவர் எப்படிப் பிளக்கிறது என்பதையே பார்க்க வேண்டுமானால், துரு இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் பிடிக்கும் என்பதை வைத்து, கம்பிக்குப் பொய்யான வெப்ப விரிவு கொடுப்பது வழக்கமான உத்தி. சில பத்து மைக்ரான் துருவே கவரைப் பிளக்கப் போதும் என்பதால் விரிவைத் தாராளமாகக் கொடுத்துவிடாதீர்கள்.

முடிவைப் படித்தல்

விரிசல் அகலம் வேண்டுமென்றால் விரிசல் திரிபைக் கூறின் அளவால் பெருக்குங்கள். 25 மி.மீ. கூறில் 0.004 திரிபு என்றால் 0.1 மி.மீ.; கடுமையான சூழலுக்கு ஐ.எஸ். 456 வைத்திருக்கும் வரம்பு அதுவே. கம்பி வழுக்காமல் ஒட்டியிருப்பதாகக் கொண்ட மாதிரியில் விரிசல்கள் பல கூறுகளில் மெல்லப் பரவிக்கிடக்கும். அங்கிருந்து அகலம் எடுக்க வேண்டாம்.

பிறகு முதல் நாள் வரைந்த படத்தை எடுங்கள். கட்டடத்தில் சாய்வு விரிசல் இருந்து மாதிரியில் இல்லையென்றால், கட்டடம் சொல்வதுதான் சரி. ரிங்கின் நிலையையும் கம்பி முனையின் நங்கூரத்தையும் திரும்பப் பாருங்கள்.

அறிக்கையில் ஒற்றை எண் எழுதாதீர்கள். துருவின் அளவை உங்களால் சில இடங்களில்தான் அளக்க முடிந்தது. குறைந்தபட்ச, அதிகபட்ச மதிப்புகளில் தனித்தனியாக ஓட்டி, இடைவெளியாகவே கொடுங்கள். வண்ணப் படம் ஒன்று போதும், வளைகோடு கட்டாயம் வேண்டும்.

களத்தில் தாங்கியின் அருகே சாய்வு விரிசலும் அறுந்த ரிங்கும் ஒரே இடத்தில் தெரிந்தால், இந்த வேலையையெல்லாம் தொடங்குவதற்கு முன் கூடத்திலிருந்து ஆட்களை வெளியேற்றிவிட்டு, பீமுக்கு முட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். மாதிரியை அதற்குப் பிறகு ஓட்டலாம்.